ஆறு மில்லிமீட்டர் சிப்பாய்க்குக் கண் வரையாதீர்கள்

மேஜையில் போர் ஆடும் விளையாட்டுக்கான குட்டி உருவங்களுக்குப் பெயின்ட் அடிப்பது என் பொழுதுபோக்கு. என் மேஜையில் இப்போது அப்படி மூன்று சிப்பாய்கள் நிற்கிறார்கள். ஒருவர் 28 மி.மீ. உயரம், இன்னொருவர் 15, மூன்றாமவர் 6. மூவருமே மதராஸ் காலாட்படைக்காரர்கள். 1803 செப்டம்பர் 23 அன்று, மராத்தியரோடு ஆங்கிலேயக் கம்பெனிப் படை மோதிய அஸ்ஸாயே போர்க்களத்தில் நின்றவர்கள். 28 மி.மீ. ஆளின் நெற்றியில் நாமம் இருக்கிறது. 15 மி.மீ. ஆளுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. 6 மி.மீ. ஆளுக்கு நெற்றியே கிடையாது. முகம் மொத்தமும் ஒரு பழுப்புப் பொட்டு, அவ்வளவுதான். இந்த மூன்றும் எனக்கு ஓரளவு சரியாக வர ஏறத்தாழ பத்து வருடம் பிடித்தது. அந்தப் பத்து வருடத்தில் கற்றதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

2012-இல் வேலைக்காக இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமுக்குப் போனேன். அந்த ஊர் இந்தக் கலைக்குத் தலைநகரம் மாதிரி என்பது போகும்போது எனக்குத் தெரியாது. பக்கத்து ஊரான நியூவார்க்கில் 1979-இல் தொடங்கிய சிட்டாடல் மினியேச்சர்ஸ் என்ற உருவ நிறுவனம் பிறகு நாட்டிங்ஹாமுக்கு வந்தது. வார்ஹாம்மர் என்ற மேஜைப் போர் விளையாட்டை 1983-இல் வெளியிட்ட கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் தலைமையகமும் அங்கேதான். அங்கே சிற்பிகளாக வேலை பார்த்தவர்கள் பலர் வெளியே வந்து சுற்றுவட்டாரத்திலேயே சொந்தமாக உருவங்கள் வார்க்கத் தொடங்கினார்கள். அவர்களில் பெர்ரி சகோதரர்கள் என்ற இரட்டையர்களின் வரலாற்று உருவங்களைப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பித்தே பிடித்தது. அவர்களில் மைக்கேல் பெர்ரி, பழைய போர் ஒன்றை நடித்துக் காட்டும் நிகழ்ச்சியில் பீரங்கி விபத்தில் வலது கையை இழந்தவர். அதன்பிறகு இடது கையால் செதுக்கப் பழகிக்கொண்டு இன்றுவரை செய்கிறார். என் கோடு கோணும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

அலுவலக நண்பர் ஒருவர் புதன்கிழமை மாலை கிளப்புக்கு அழைத்துப் போனார். ஆறுக்கு நாலு அடி மேஜை. அதில் பச்சைத் துணி, பஞ்சு மரங்கள், இருநூறு முந்நூறு உருவங்கள். யாரோ ஒரு பிளாஸ்டிக் ஆர்க்கை (கற்பனைக் கதைகளில் வரும் அரக்கன்) கையில் கொடுத்து, "முதலில் இதைப் பெயின்ட் அடித்துக்கொண்டு வா" என்றார்கள்.

அந்த ஆர்க்கைக் கெடுத்தேன். டப்பாவிலிருந்து அப்படியே எடுத்து, கெட்டித் தயிர் மாதிரி அப்பிவிட்டேன். பல்லும் விரலும் கொப்பரையில் மூழ்கின மாதிரி மறைந்துபோயின. அக்ரிலிக் பெயின்ட்டைத் தண்ணீர் விட்டு ஏறக்குறைய பால் பதத்துக்குக் கொண்டுவந்து, ஒரு பூச்சு காய்ந்தபின் இன்னொரு பூச்சு அடிக்க வேண்டும். முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் தெரியும், பயப்படக் கூடாது. இரண்டாவதில் ஒன்றாகிவிடும். புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். பிரஷ் விஷயம் அடுத்தது. சின்ன உருவத்துக்குச் சின்ன பிரஷ் என்று எல்லோரும் மூன்று பூஜ்யம் போட்டதை வாங்குகிறார்கள். அதில் நிற்கும் துளிப் பெயின்ட் உருவத்தைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். நல்ல கூர் முனையுள்ள 1-ஆம் நம்பர் பிரஷ் கண்ணைக்கூட வரையும். வின்சர் அண்ட் நியூட்டன் சீரீஸ் 7 மாதிரி கோலின்ஸ்கி முடி பிரஷ் ஒன்று வாங்கி, ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவி, முனையைக் கூராக்கி வைத்தால் வருடக்கணக்கில் வரும். உலோகப் பெயின்ட்டை மட்டும் அதில் தொடாதீர்கள். அந்த மினுக்குத் துகள் முடிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கற்பனை உருவங்களிலேயே இரண்டு வருடம் ஓடியது. ஆர்க், எலும்புக்கூடு, மந்திரவாதி. இவற்றில் ஒரு சௌகரியம் உண்டு: ஆர்க்கின் தோல் சரியான பச்சைதானா என்று யாரும் கேட்க முடியாது. அதனால் வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, நிழல் எங்கே தங்குகிறது என்பதில் முழுக் கவனமும் போகும். கறுப்புப் பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்துவிட்டு, மேலிருந்து மட்டும் வெள்ளையை லேசாக ஸ்பிரே செய்தால் வெளிச்சம் விழும் இடமெல்லாம் தானே தெரிந்துவிடும் என்பதை ஒரு பூதத்தின் முதுகில்தான் கற்றேன். 2019-இல் சிட்டாடல் கொண்டுவந்த கான்ட்ராஸ்ட் பெயின்ட்டுகள் அப்படிப்பட்ட அடித்தளத்தில் ஒரே பூச்சில் நிழலும் வெளிச்சமும் காட்டும். பச்சைத் தோலுக்குப் பக்கத்தில் சிவப்புத் துணி வைத்தால் இரண்டும் எழுந்து நிற்கும் என்பதும் அங்கே கிடைத்த பாடம். பிறகு சிவப்புக் கோட்டுக்காரர்களைப் பசுந்தரையில் நிறுத்தும்போது அதே கணக்கு கை கொடுத்தது.

அடுத்து நெப்போலியன் காலப் பிரெஞ்சுப் படை. 28 மி.மீ.யில் ஒரு படையையே சேர்க்கப் பணமும் இல்லை, அறையில் இடமும் இல்லை. 6 மி.மீ. வாங்கினேன். ஒரு பட்டையில் நான்கு பேர், உலோக வார்ப்பு, சீப்புப் பல் மாதிரி வரிசையாக இருப்பார்கள். நானூறு பேருக்குக் கறுப்புப் பிரைமர், மேலே வரலாற்றுப்படி கருநீலக் கோட்டு, சிலருக்குப் பொத்தான்கூட வைத்தேன். இரண்டு மாத இரவுகள். கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்தால் எனக்கே பெருமையாக இருந்தது.

கிளப் மேஜையில் அடுக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். யாரோ எள்ளைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி இருந்தது. நீலமும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை. கிளப்பில் மூத்தவர் ஒருவர் எதுவும் பேசாமல் தன்னுடைய ஒரு தட்டை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அதே உருவங்கள். அவர் அடித்திருந்த நீலம் ஏறக்குறைய மயில்கழுத்து நிறம். கிட்டத்தில் பார்த்தால் குழந்தை அடித்தது மாதிரி இருந்தது. மூன்றடி தள்ளி நின்றால் பிரெஞ்சுக் காலாட்படை!

அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஒரு கணக்குப் போட்டேன். 6 மி.மீ. என்றால் சுமார் 300-இல் ஒரு பங்கு. மேஜையருகே நிற்பவரின் கண்ணுக்கும் உருவத்துக்கும் 90 செ.மீ. இருக்கும். 300-ஆல் பெருக்கினால் 270 மீட்டர். அதாவது அந்த ஆளை நான் 270 மீட்டர் தள்ளி நின்று பார்க்கிறேன். அவ்வளவு தொலைவில் யாருக்குப் பொத்தான் தெரியும்? 15 மி.மீ. என்பது ஏறத்தாழ 100-இல் ஒரு பங்கு, 75 செ.மீ.யில் பார்த்தால் 75 மீட்டர். 28 மி.மீ.யை 60-இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டு 60 செ.மீ.யில் பார்த்தால் 36 மீட்டர். தெருமுனையில் நிற்கும் ஆள் மாதிரி: முகம் தெரியும், உடுப்பு தெரியும்.

அதற்குப் பிறகு புதிய அளவு எதைக் கையில் எடுத்தாலும் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் பெயின்ட் திறக்கிறேன். அத்தனை மீட்டர் தொலைவில் ஒரு மனிதனிடம் எது தெரியுமோ அதை மட்டும் வரைகிறேன். தெரியாததை வரைந்தால் வேலை வீண் என்பதோடு முடிவதில்லை. தெரிய வேண்டியதையும் அது மறைத்துவிடும்.

சரி, 6 மி.மீ.க்கு இப்போது நான் செய்வது இதுதான். கறுப்பு வேண்டாம்; இளம் சாம்பல் அல்லது இளம் பழுப்புப் பிரைமர். ஐஸ்குச்சியில் பட்டைகளை ஒட்டிக்கொண்டு, கோட்டு நிறத்தை அசல் நிறத்தைவிட இரண்டு படி பளிச்சென்று அடிப்பேன். முகம், கை எல்லாம் ஒரே தொடுகை. பிறகு மொத்தத்துக்கும் தண்ணீரான பழுப்பு வாஷ். அது பள்ளத்தில் இறங்கி ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே கோடு போட்டுவிடும். காய்ந்ததும் தோளிலும் தொப்பி உச்சியிலும் பழைய பளிச் நிறத்தை ஒருமுறை தொடுவேன். கடைசியாக மார்பில் குறுக்கே போகும் வெள்ளை வார், சுத்தமான வெள்ளையில். அந்தப் படையை உயிரோடு காட்டுவது அந்த வார்தான். துப்பாக்கிக்கு ஒரு பழுப்புக் கோடு, நுனியில் ஒரு துளி வெள்ளி. கொடி மட்டும் அளவுக்கு மிஞ்சிப் பெரிதாகவே இருக்கட்டும். பழைய நானூறு பேரையும் இப்படித்தான் மேலேயே பூசி மீட்டேன். நாலு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 6 மி.மீ.யில் பாதி வேலை தரைதான். உருவம் இவ்வளவு சின்னதாக இருந்தால் கண்ணுக்கு முதலில் படுவது அடித்தட்டு. கருமண் போட்டால் ஆள் அதில் கரைந்துவிடுவான். வெளிறிய புல், வெளிறிய மணல் என்று போடுங்கள்.

15 மி.மீ. இடைப்பட்டது. கைமடிப்பிலும் காலரிலும் ஒவ்வொரு ரெஜிமென்ட்டுக்கும் தனியாக வரும் நிறம் இந்த அளவில்தான் தெரியத் தொடங்குகிறது. முகத்துக்கு அடி நிறம், வாஷ், மூக்கிலும் கன்னத்திலும் வெளிச்சம் காட்ட ஒரு ஹைலைட், கண் வேண்டாம். வாஷ் விட்ட பள்ளமே கண்ணாகத் தெரியும். 72-இல் ஒரு பங்கு அளவுள்ள பழைய மென்பிளாஸ்டிக் பொம்மை வீரர்களை யாராவது கொடுத்தால், சோப்புத் தண்ணீரில் கழுவி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலை ஒரு பூச்சு கொடுத்துவிட்டுப் பெயின்ட் அடியுங்கள். அந்தப் பிளாஸ்டிக் வளையும், பெயின்ட் வளையாது. ஈட்டி நுனியில் உரிந்து வந்துவிடும். 10 மி.மீ.யில் நான் அதிகம் செய்ததில்லை. 54 மி.மீ.யும் அதற்கு மேலும் அலமாரிக்கான வேலை, ஆட்டத்துக்கு அல்ல; அந்தப் பொறுமை எனக்கு இன்னும் வரவில்லை.

28 மி.மீ.யில் இரண்டு வகை இருப்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். கற்பனை உருவங்கள் பெரும்பாலும் தலையும் கையும் ஆயுதமும் பெருத்திருக்கும். வரலாற்று உருவங்கள் பலவும் மனித அளவுக்கு நெருக்கமானவை. இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் ஒருவர் பூசணிக்காய்த் தலையோடு நிற்பார். அளவையும் சிலர் பாதத்திலிருந்து கண் வரைக்கும் எடுக்கிறார்கள், சிலர் உச்சி வரைக்கும். ஒரே 28 என்று போட்ட இரண்டு பெட்டிகளில் ஆள் உயரம் வேறாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

வரலாறு எனக்குக் கற்றுக்கொடுத்தது நிறத்தின் நியாயம். பிரிட்டிஷ் சிப்பாயின் கோட்டு சிவப்பு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் சாதாரணச் சிப்பாயின் துணி மஞ்சிட்டி வகைச் சாயம் தோய்த்தது, செங்கல் சிவப்பு. அதிகாரியின் கோட்டு விலை கூடிய கொச்சினீல் பூச்சிச் சாயம், பளிச்சிடும் சிவப்பு. இரண்டு சிவப்புகளை வாங்கிப் பயன்படுத்திப் பாருங்கள். யார் அதிகாரி என்று தேட வேண்டியிருக்காது. படையெடுப்பில் இரண்டு மாதம் வெயிலிலும் மழையிலும் நடந்தபின் அந்தச் செங்கல் சிவப்பும் வெளிறும். அதற்காகப் பத்துப் பேரில் மூன்று பேருக்குக் கொஞ்சம் பழுப்பு கலந்து அடிப்பேன்.

அப்புறம்தான் மதராஸ் சிப்பாய்கள் வந்தார்கள். ஆங்கிலேயத் தளபதி வெல்லெஸ்லி அஸ்ஸாயேயில் ஜெயித்ததைப் பற்றி கிளப்பில் பேசும்போதெல்லாம் ஹைலேண்டர்கள் என்ற ஸ்காட்லாந்து மலைநாட்டுப் படைக்காரர்களைப் பற்றித்தான் பேச்சு வரும். ஆனால் வெல்லெஸ்லியின் காலாட்படையில் ஐந்து பட்டாலியன்கள் மதராஸ் சேனை. தமிழும் தெலுங்கும் உருதும் பேசியவர்கள். அவர்களை நானே அடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதல் பன்னிரண்டு பேரின் முகத்தில் தோற்றேன். கடையில் சதை நிறம் என்று எழுதியிருந்த புட்டியைத் திறந்தால் ரோஜா நிறம். பழுப்பு எடுத்து அடித்து, வெளிச்சத்துக்கு வெள்ளை கலந்தேன். பன்னிரண்டு பேரும் சாம்பல் பூசின மாதிரி, நோயாளிகள் மாதிரி நின்றார்கள். என் தாத்தாவின் முகத்தை நினைத்துக்கொண்டு அடித்த முகம் அப்படி ஆனதில் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் என் புறங்கையை வைத்து நெடுநேரம் பார்த்தேன். நம் தோலில் வெளிச்சம் விழும் இடம் வெள்ளை ஆவதில்லை, பொன்னிறமாகிறது. நிழல் கறுப்பாவதில்லை, செம்பழுப்பாகிறது.

இப்போது என் முறை இது. அடியில் சிவப்பு ஓடும் கரும்பழுப்பு. அதன்மேல் அதே நிறத்தில் ஆரஞ்சுப் பழுப்பு கலந்து கன்னம், மூக்கு, முழங்கால், விரல்கணு. கடைசி ஹைலைட்டுக்குக் காவி மஞ்சளும் கொஞ்சம் சதை நிறமும். வெள்ளை ஒரு துளிகூட இல்லை. ஒரு பட்டாலியனுக்கு மூன்று அடி நிறங்கள் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அடிப்பேன். ஒரு ஊர்க்காரர்களை வரிசையில் நிறுத்தினால் எல்லோரும் ஒரே நிறமாகவா இருப்பார்கள்? அதே மாதிரிதான் இதுவும்.

கண்ணை முதலில் வரைந்துவிடுவேன். கோயில் சிலைக்குக் கண் திறப்பது கடைசி வேலை, இங்கே தலைகீழ். குழியில் கரும்பழுப்பு, அதன் நடுவே தந்த நிறத்தில் ஒரு கிடைக்கோடு, அதில் மேலிமையிலிருந்து கீழிமை வரைக்கும் தொடும் ஒரு கருங்கோடு. புள்ளியாக வைத்தால் பேயைக் கண்டவன் மாதிரி முழிப்பான். தப்பினால் கவலை இல்லை, சுற்றிலும் தோல் நிறம் வரும்போது சரிசெய்துகொள்ளலாம்.

நெற்றிக்கு வருவோம். 1803-இல் அவர்கள் நாமமும் விபூதியும் தரித்திருந்தார்களா என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் உண்டு. மதராஸ் சேனையில் சீருடையில் இருக்கும்போது சாதி, சமய அடையாளம் முகத்தில் இருக்கக் கூடாது, காதணி கூடாது, தாடையை மழிக்க வேண்டும் என்று விதி போட்டது 1806-இல். தோல் சின்னம் வைத்த புதிய தலைப்பாகையும் சேர்ந்துகொள்ள, அந்த ஜூலை 10-ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். தடை போட வேண்டியிருந்தது என்றால் அதற்கு முன்னால் அதெல்லாம் இருந்தது என்றுதானே பொருள்? அஸ்ஸாயே அதற்கு மூன்று வருடம் முந்தியது. ஆகவே என் ஆட்களில் சிலருக்கு நாமம், சிலருக்கு மூன்று கோடு, சிலருக்குத் தாடி, காதில் பொன் நிறத்தில் ஒரு துளி. மூன்று கோட்டை வெள்ளையில் நேராக இழுக்காதீர்கள். தோல் நிறத்தோடு பாதிக்குப் பாதி கலந்த வெள்ளையில் ஒரு பட்டையாகப் போட்டு, அதன்மேல் தோல் நிறத்தால் இரண்டு மெல்லிய கோடு கிழியுங்கள். மூன்றும் தானே பிரிந்து நிற்கும். அடிப்பவன் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

2019-இல் சென்னைக்குத் திரும்பியதும் பழகிய பாதி விஷயங்கள் பொய்த்துப்போயின. மின்விசிறிக்கு அடியில் பெயின்ட் தட்டிலேயே காய்ந்துவிடும். மூடி போட்ட டிபன் டப்பாவில் ஈரமான பஞ்சுத்தாள் விரித்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு அதில் கலக்குங்கள். நாள் முழுக்கப் பதம் மாறாது. டப்பாவை நாலு நாளைக்கு மேல் மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், தாளை மாற்றிவிடுங்கள்.

ஸ்பிரேதான் பெரிய வில்லங்கம். ஐப்பசி மாதத்து ஒரு மாலையில், மழை விட்டுவிட்டதே என்று மொட்டை மாடியில் இருபது சிப்பாய்களுக்குப் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அடித்தேன். பத்து நிமிடத்தில் எல்லோர் மேலும் பனி படர்ந்த மாதிரி வெள்ளை. காற்றின் ஈரம் வார்னிஷுக்குள் மாட்டிக்கொண்டது. அன்று இரவு தூக்கம் வரவில்லை. கழுவி எடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். கழுவாமல் விட்டது நல்லதாகப் போயிற்று. பளபளப்பு வார்னிஷைப் பிரஷால் ஒரு பூச்சு கொடுத்ததும் வெள்ளை மறைந்து நிறங்கள் திரும்பின. ஒரு வாரம் கழித்து, வெயில் சுள்ளென்று அடித்த பகலில் மேட் வார்னிஷை லேசாக அடித்தேன். பதினெட்டுப் பேர் பிழைத்தார்கள். இரண்டு பேரின் முகத்தை மறுபடி எழுதினேன். இப்போதெல்லாம் மழைக்காலத்தில் பிரைமர், வார்னிஷ் இரண்டுமே பிரஷில்தான்.

ரெசின் என்ற செயற்கைப் பிசினில் வார்த்த உருவங்களையும் இங்கே வெயில் சும்மா விடுவதில்லை. ஈட்டியும் வாளும் வளைந்துவிட்டால் சூடான தண்ணீரில் சிறிது நேரம் முக்கி, நேராக்கி, உடனே குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். ஒருமுறை நான் வாங்கிய ரெசின் பூதத்தில் பெயின்ட் தோல் மாதிரி உரிந்து வந்தது. அச்சிலிருந்து எடுக்கப் பூசும் எண்ணெய் அதில் அப்படியே இருந்திருக்கிறது. ரெசின் வந்ததும் பழைய பல்துலக்கியும் சோப்பும் போட்டுத் தேய்ப்பது அதிலிருந்து பழக்கமாகிவிட்டது. அடித்தட்டுக்குக் கடற்கரை மணலை எடுத்தால் உப்புப் போகக் கழுவி, காயவைத்து, டீ வடிகட்டியில் சலியுங்கள். சலித்த பொடி 6 மி.மீ.க்கு, வடிகட்டியில் நின்றது 28-க்கு.

அடித்தது பிடிக்கவில்லை என்றால் உலோக உருவத்தைப் பழுப்பு டெட்டாலில் ஒரு நாள் ஊறப்போடுங்கள். அக்ரிலிக் கழன்று வரும். தேய்க்கும்போது தண்ணீர் மட்டும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். டெட்டாலிலேயே தேய்த்து முடித்து, துடைத்த பிறகுதான் சோப்பும் தண்ணீரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். பழைய உலோக உருவங்களில் ஈயம் உண்டு. பிரஷ் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

அம்மா இவற்றைப் பொம்மை என்றுதான் சொல்வார். போன நவராத்திரிக்குக் கொலுவின் கீழ்ப்படியில் என் மதராஸ் பட்டாலியனுக்கு இடம் கொடுத்தார். வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இவன் நம்ம வடகலைன்னா!" என்றார். 36 மீட்டர் கணக்கை அவர் குனிந்து ஒரு சாணாக்கிவிட்டார். அந்த ஆளுக்கு நாமம் நேராக விழுந்திருந்தது நல்லதாகப் போயிற்று.

இப்போது அதே ஐந்து பட்டாலியன்களையும் 6 மி.மீ.யில் தொடங்கியிருக்கிறேன். சாம்பல் பிரைமர் நேற்று பிரஷில் அடித்து முடித்தேன். இன்று செங்கல் சிவப்பு, அசலைவிட இரண்டு படி பளிச்சென்று.